உப்பை விட்ட காரணம்

பத்தரைக்கு என்று சொல்லியிருந்தார்கள். பதினொன்று ஆகப் போகிறது, போன் திரையில் இன்னும் அந்த ஒரே வாசகம்தான், காத்திருக்கவும், அனுமதித்ததும் விசாரணையில் சேரலாம் என்று. கோமளவல்லி போனைக் கல் உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருந்தாள். முதலில் பருப்பு டின்னில்தான் சாய்த்தாள், டின் வழுக்கிக்கொண்டே போயிற்று. ஜாடிதான் இந்த அடுக்களையிலேயே அசையாத சாமான், ஒன்பது வருஷமாக அதற்குப் பெரிய வேலையும் இல்லை. இந்த வீட்டில் சிக்னல் அடுக்களை மேடைக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும், அதனால் இஸ்திரி போட்ட பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி கேஸ் அடுப்புக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் கூடத்துக் கட்டிலில் வரதப்பன். கும்பகோணம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர், எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. மிச்சம் இருப்பது ஒரு 'ம்ம்'. ஒரு தடவை வந்தால் ஆமாம், இரண்டு தடவை வந்தால் இல்லை. காது மட்டும் முன்பைவிடக் கூர்மை, தெருமுனையில் பால்காரன் சைக்கிளை நிறுத்தினால் இங்கே கண் திரும்பும். அவள் இப்போது பேசப் போவதெல்லாம் அவருக்குக் கேட்கும். கதவைச் சாத்தலாம் என்றால் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் கதவே கிடையாது.

வக்கீல் வைத்துக்கொள்ளக் கூடாதாம். ஓசூரிலிருந்து மகள் யமுனா இதை ஏதோ சலுகை மாதிரிச் சொன்னாள், "ஃபீஸ் கிடையாதும்மா, வக்கீல் கிடையாதும்மா, குறைதீர்ப்பு அதிகாரி முன்னாடி நீயே நேரா பேசலாம்." சட்டம் எழுதினவர்கள் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் கறுப்புக் கோட்டைக் கூட்டி வந்து ஏழை எளியவர்களை மிரட்டிவிடக் கூடாதே என்று. ஆனால் கெடுத்த வாயே போய் நேராக்க வேண்டும் என்றால் என்ன செய்வது. நுணல் தன் வாயால் தான்தான் கெடும், இவள் புருஷனையும் சேர்த்தல்லவா கெடுத்தாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் கிறீச் கிறீச் என்று, அவர் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, தூக்கம் கெட்ட கண்ணோடு ஒரு சின்ன டாக்டர், "பி.பி. இருக்கா, சுகர் இருக்கா?" இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவளுக்கு அது போதவில்லை. "ஒண்ணும் கிடையாது டாக்டர், ரொம்பக் கட்டுப்பாடான மனுஷன், ஒன்பது வருஷமா உப்பே சேர்த்துக்கிறதில்ல" என்றாள். பயம் வந்தால் மற்றவர்கள் அழுவார்கள், இவள் பீற்றிக்கொண்டாள். இவ்வளவு ஒழுங்கான உடம்பு, பார்த்துக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று ஒரு சிபாரிசு. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்பது மூன்று மாதம் கழித்துக் கம்பெனிக் கடிதத்தில்தான் தெரிந்தது: ரத்த அழுத்தம், ஒன்பது ஆண்டுகளாக; உப்பைத் தவிர்த்து வருகிறார். ஆகவே பாலிசி எடுக்கும்போதே இருந்த நோயை மறைத்திருக்கிறார், ஆகவே ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது, ஆகவே பாலிசியும் ரத்து. மூன்று ஆகவே. அதைப் படித்துக் காட்டிவிட்டு யமுனா போனிலேயே, "நீ ஏம்மா அதைச் சொன்னே" என்றாள், சத்தமாகக்கூட இல்லை.

வரிசை எண் ஏழு என்று குறுஞ்செய்தி வந்திருந்தது. இப்போது எந்த எண் ஓடுகிறதோ, டாக்டர் வீட்டில் என்றால் எட்டிப் பார்க்கலாம். கண் எரிந்தது. ராத்திரியெல்லாம் யமுனா சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்துப் பார்த்திருந்தாள், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. முதலில் கம்பெனிக்கே எழுதினோம், ஒரு மாதம் காத்திருந்தோம், பழைய பல்லவியையே பாடினார்கள், அதனால் உங்களிடம் வந்தோம். நோயை மறைத்தார் என்று சொல்கிறவர்கள்தான் அதை நிரூபிக்க வேண்டும், மறைக்கவில்லை என்று நாங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. இதைத்தான் யமுனா மூன்று தடவை சொல்ல வைத்தாள், "இதான்மா முக்கியம், இதை விட்டுடாத." இன்னொன்றும் உண்டு. பாலிசி எடுத்து விடாமல் ஐந்து வருஷம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, நீ அதை மறைத்தாய் இதை மறைத்தாய் என்று கம்பெனி வாயைத் திறக்க முடியாதாம். அவர் விழுந்த அன்றைக்கு ஐந்து வருஷம் நிறைய ஆறு மாதம் பாக்கி. வேளாவேளைக்கு பஸ்ஸை அனுப்பின மனுஷன், ஒரு நிமிஷம் பிந்தினால் டிரைவரை முறைத்துப் பார்க்கிறவர், படுக்கையில் விழுவதற்கு மட்டும் ஆறு மாதம் முந்திக்கொண்டார். இதை ஒருநாள் அவரிடமே சிரிப்பாகச் சொல்லப் போனாள், பாதியில் விட்டுவிட்டு அவர் போர்வையைச் சரிசெய்தாள். கொடுக்கக் காசில்லாமல், உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற தம்பியை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. அந்தத் தம்பி வந்தபோது வலது கை விரல் மூன்று லேசாக அசைந்தது, நிஜமாகவே அசைந்தது, அவளே பார்த்தாள். இப்போது மறுபடி மடங்கிக்கொண்டு வருகிறது. பிரித்து விட்டால் திரும்ப மூடிக்கொள்கிறது. இன்னும் நாள் போனால் இறுகிவிடும், பிறகு பிரயோசனமில்லை என்று தம்பி சொல்லிவிட்டுத்தான் போனான். இந்தப் போனுக்குள்ளிருந்து வரப் போகிற வார்த்தையில்தான் அந்த மூன்று விரலும் இருக்கிறது.

ஆனால் பயம் அதுவல்ல. அதுவும்தான், ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று கிடந்தது. நிஜமாகவே பி.பி. இருந்திருந்தால்? கம்பெனிக்காரர்கள் அவ்வளவு முட்டாள்களா, எதையும் பார்க்காமலா எழுதுவார்கள். டிப்போ பக்கத்தில் யாராவது டாக்டரிடம் காட்டியிருந்து, அவர் உப்பைக் குறையுங்கள் என்று சொல்லி, இந்த மனுஷன் வீட்டில் வந்து வேண்டுதல் என்று ஒரு கதை கட்டியிருந்தால். முப்பத்தைந்து வருஷம் கூட இருந்தவளிடமே மறைத்திருந்தால், கம்பெனியிடம் மறைத்ததில் என்ன ஆச்சரியம். பீரோவில் அவருடைய டைரிகளை எடுத்துப் பார்த்தாள். டைம் கீப்பர் புத்தி, எல்லாம் நேரத்தோடு இருக்கும், மோட்டார் ரிப்பேர் 9.15, யமுனாவுக்குப் போன் 6.05. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய டைரியில் அந்த நாளைத் தேடிப் பிடித்தாள். 'இன்று முதல் உப்பு இல்லை. 7.40.' அவ்வளவுதான், காரணம் கிடையாது. மாத்திரைச் சீட்டு, டாக்டர் பேர், எதுவும் எங்கும் கிடையாது. ஒப்பிலியப்பன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அன்றைக்குச் சொன்னார். இந்தப் பக்கத்தில் அது புதுசில்லை, சின்னப் பெண்ணுக்கு உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாது என்று ரிஷி சாக்குச் சொன்னபோது, உப்பில்லாமலே சாப்பிட்டுக்கொள்கிறேன், பெண்ணைக் கொடுங்கள் என்று பெருமாள் கேட்ட ஊர். அந்தப் பெருமாளுக்காக ஒரு நாள், ஒரு மாதம் உப்பை விடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒன்பது வருஷமா? "என்னங்க வேண்டுதல்?" என்று கேட்டதற்கு, "வெளியில சொன்னா பலிக்காது கோமளா" என்று இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இப்போது கேட்கலாம். பி.பி. இருந்துச்சாங்க என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் ஒரு 'ம்ம்', அல்லது இரண்டு. கடிதம் வந்து ஐந்து மாதமாக அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை.

போன வாரம் அந்தோணிசாமி வந்ததிலிருந்து இது இன்னும் சிக்கலாகிவிட்டது. கண்டக்டராக இருந்தவர், டிப்போவில் இவருக்குச் சேக்காளி, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து தானே பேசித் தானே சிரித்து, போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கேன்டீன் பக்கமே போகப் பிடிக்கலம்மா. ரிட்டயர் ஆனப்புறமும், படுக்கையில விழற வரைக்கும், பதினோரு மணி ஆனா வடையும் உப்பு மோரும் எனக்கு எடுத்து வச்சிட்டுக் காத்திருப்பாரு. மோர்ல இன்னொரு சிட்டிகை உப்பு போடுவாரு, நான் திட்டுவேன்" என்றார். அவள் சரி சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டு உள்ளே வந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். வடை. உப்பு மோர். இன்னொரு சிட்டிகை. அன்று சாயந்திரம் அவருக்குத் துணி மாற்றும்போது கையில் கொஞ்சம் கோபம் இருந்தது, அவருக்கும் அது தெரிந்திருக்கும். வேண்டுதல்காரன் கேன்டீனில் உப்பு மோர் குடிப்பானா, சாமி குத்தம் ஆகாதா. சரி, வேண்டுதல் பொய், பி.பி.தான் என்று வைத்துக்கொண்டால், பி.பி.க்குப் பயந்தவன் மோரில் இன்னொரு சிட்டிகை போடுவானா. வேண்டுதல் என்றால் வடை இடிக்கிறது, வியாதி என்றாலும் வடைதான் இடிக்கிறது. ஊரெல்லாம் உப்புத் தின்றுவிட்டு வீட்டில் மட்டும் உப்பில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷனை என்னவென்று சொல்வது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், அதை இரண்டு வேளையும் ஒரு சொல் இல்லாமல் வழித்துச் சாப்பிட்டார். ஒரு வாரமாக இதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து அவளுக்கு அலுத்துவிட்டது, இதற்குப் பேசாமல் தோற்றுவிட்டாலே படுத்துத் தூங்கலாம் போலிருந்தது. திரையில் ஏதோ சுழன்றது. சட்டென்று மூன்று கட்டங்கள், ஒன்றில் பச்சைப் புடவையில் ஒரு கிழவி மிரண்டு பார்க்கிறாள், யார் இது என்று பார்த்தால் அவளேதான்.

"கோமளவல்லி அம்மா, கேக்குதுங்களா?" கண்ணாடி போட்டவர், நரைத்த தலை, அலுப்பான மரியாதையான குரல், அவர்தான் குறைதீர்ப்பு அதிகாரி. "கேக்குதுங்க சார்." இன்னொரு கட்டத்தில் கம்பெனி சார்பில் ஒரு பெண், யமுனா வயசுதான் இருக்கும், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேகமாக வாசித்தது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டின்படி ஒன்பது ஆண்டுகளாக ரத்த அழுத்தம், விண்ணப்பத்தில் நோய் இல்லை என்று குறிப்பு, முக்கியமான தகவலை மறைத்தது. அதிகாரி, "அந்த ஒரு வரியைத் தவிர வேற என்ன வச்சிருக்கீங்க? பாலிசிக்கு முன்னாடி டாக்டரைப் பார்த்த சீட்டு, மாத்திரை வாங்கின பில்?" என்றார். "விசாரிச்சோம் சார், கிடைக்கல." "மறைச்சார்னு சொல்றது நீங்க. காட்ட வேண்டியதும் நீங்கதானே?" அந்தப் பெண் காகிதத்தைப் புரட்டியது. கோமளவல்லிக்கு மூச்சு வந்தது, தான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார், யமுனாவுக்குத் தெரிந்தால் குதிப்பாள். அப்போது அந்தப் பெண், "சார், இதைச் சொன்னதே அவங்கதான், மனைவிதான். பி.பி. இல்லன்னா ஏன் ஒன்பது வருஷம் உப்பை விடணும்?" என்றது. நியாயமான கேள்விதான், அவளே ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சொல்லுங்கம்மா. ஏன் விட்டார்?" என்றார். வேண்டுதல் என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்கு நேரே ஜாடி இருந்தது. 7.40. ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அன்றைக்குத்தானே அவர்கள் வந்துபோனது, யமுனாவைப் பெண் பார்க்க, மன்னார்குடிக்காரர்கள், நான்கு மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போனார்கள். பஜ்ஜி வைத்தாள். பையனுடைய அப்பா ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டை அப்படியே கீழே வைத்தார், அந்த அம்மாள் தண்ணீர் கேட்டாள், பிறகு ஜாதகம் சேரவில்லை என்று தகவல் வந்தது. அதற்கு முந்தின மாதம் அவளுக்கு ஒரு விஷக் காய்ச்சல். காய்ச்சல் போனது, போகும்போது நாக்கையும் கொண்டுபோய்விட்டது. உப்பும் தெரியாது, புளியும் தெரியாது, அட்டையை மெல்வது போல இருக்கும். யாரிடமும் மூச்சு விடவில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம், தாய்க்கு என்னவோ வியாதியாம் என்று ஒரு வாய் கிளம்பினால் போதுமே, அதனால் மறைத்தாள். கைக் கணக்கில் உப்பைப் போட்டாள், போட்டோமா என்று சந்தேகம் வந்து திரும்பவும் போட்டாள். அன்று ராத்திரிதான் இவர் இலையில் உட்கார்ந்துகொண்டு, "இனிமே மொத்தமா உப்பில்லாமலே சமைச்சுடு கோமளா, வேணுங்கிறவங்க இலையில போட்டுக்கட்டும்" என்றார். வேண்டுதல் அவருக்கு மட்டும், உப்பை விட்டது வீடு முழுக்க. அவளுக்குத்தான் என்ன நிம்மதி. பெருமாளே என் மானத்தைக் காப்பாத்திட்டே என்று ஒப்பிலியப்பன் திசையைப் பார்த்து அன்றைக்குக் கும்பிட்டாள். ஐந்து மாதத்தில் நாக்கு திரும்பி வந்தது, யமுனாவுக்கு வேறு இடத்தில் கல்யாணமும் ஆயிற்று. இவர் மட்டும் உப்புக்குத் திரும்பி வரவில்லை. எப்படி வருவார், வேண்டுதல் தீர்ந்தது என்று சொன்னால் என்ன வேண்டுதல் என்று அவள் கேட்பாளே.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?" "இருக்கேன் சார்" என்றாள். குரல் யாருடையதோ போல வந்தது. "அவரு உப்பை விடல சார். என் கை உப்பைத்தான் விட்டாரு." அந்தப் பெண் நிமிர்ந்தது. கோமளவல்லி சொன்னாள். ஒப்பித்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை, கோர்வை இல்லை, காய்ச்சல், பஜ்ஜி, நாக்கு, இலையில் உப்பு, டிப்போ வடை, அந்தோணிசாமியின் உப்பு மோர், எது முன்னே எது பின்னே என்று பாராமல் கொட்டினாள். "எனக்கு நாக்கு செத்துப் போயிருந்துச்சு. நான்தான் சார் மறைச்சேன். எல்லார்கிட்டயும் மறைச்சேன். இவரு கண்டுபிடிச்சுட்டு, கண்டுபிடிச்சதை எங்கிட்ட மறைச்சுட்டாரு. மறைச்சது அவ்வளவுதான் சார், வேற வியாதி கிடையாது." சொல்லி முடித்தபோது பின்னால் கட்டிலிலிருந்து 'ம்ம்' என்று ஒன்று வந்தது. ஒன்றுதான். காத்துப் பார்த்தாள், இரண்டாவது வரவில்லை. அவள் திரும்பவில்லை, திரும்பினால் போன் முன்னால் அழுதுவிடுவோம் என்று ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது யாரும்மா?" என்றார் அதிகாரி. "அவருதான் சார். கேட்டுக்கிட்டிருக்காரு." அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அந்தோணிசாமியிடம் நான்கு வரி எழுதி வாங்கி அனுப்ப முடியுமா என்று கேட்டார், அந்தப் பெண்ணிடம் மேலே எதுவும் உண்டா என்றார், அது இல்லை சார் என்றது, ஏனோ அதன் குரலும் இறங்கியிருந்தது. உத்தரவு தபாலில் வரும், உங்கள் பக்கம் வந்தால் ஒரு மாதத்துக்குள் கம்பெனி அதன்படி நடந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, எண் எட்டைக் கூப்பிட்டார். திரை இருண்டது. ஜெயித்தோமா தோற்றோமா தெரியவில்லை, யமுனாவுக்குப் போன் செய்ய வேண்டும், அப்புறம் செய்துகொள்ளலாம்.

பன்னிரண்டரைக்கு அவருக்குச் சோறு. குழைய வடித்த சாதத்தில் பாசிப்பருப்பைப் போட்டுப் பிசைந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுச் சீட்டில் அளவாக உப்பு சேர்க்கலாம், ஒரு வேளைக்குக் கால் ஸ்பூனுக்கு மேல் வேண்டாம் என்று எழுதியிருந்தது. இப்போதுதான் நிஜமாகவே பி.பி. வந்திருக்கிறதே. எட்டு மாதமாக அந்தக் கால் ஸ்பூனையும் அவள் போடவில்லை, வேண்டுதலை நாம் ஏன் முறிக்க வேண்டும் என்று. பெருமாளைக் கேட்காமல் முடிக்கக் கூடாதுதான். ஆனால் இது பெருமாள் வரைக்கும் போகவே இல்லையே, இந்த அடுக்களையைத் தாண்டவே இல்லையே. போனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஜாடியைத் திறந்தாள். உப்பு கட்டி தட்டிப் போயிருந்தது, கரண்டிக் காம்பால் குத்தி உதிர்த்து, கால் ஸ்பூன் எடுத்து, அதிலும் நான்கு கல்லைப் பயந்து திரும்பப் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சாதத்தில் கரைத்தாள். கட்டிலில் அவரைத் தூக்கிச் சாய்த்தபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு வருகிற கூச்சம் வந்திருந்தது. முதல் வாயை ஊட்டினாள். அவர் மென்றார், தாடை பாதியில் நின்றது, கண் மெல்ல அடுக்களைப் பக்கம் போய் ஜாடியைப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தது. விழுங்கினார். முதல் வாய்க்கு எந்த வீட்டிலும் கேட்கிற கேள்விதான், ஒன்பது வருஷமாக இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

"உப்பு சரியா இருக்காங்க?"

"ம்ம்" என்றார் வரதப்பன். கொஞ்சம் பொறுத்து, அவளையே பார்த்துக்கொண்டு, இரண்டாவது 'ம்ம்' சொன்னார்.